அக்காவின் கை போகாத ஆறு நாட்கள்

எங்கள் தெருவில் ஓர் அக்காவின் இடது கையை முழங்கைக்குக் கீழே அறுத்து எடுத்து, வாளியில் போட்டு, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தும் விட்டோம். அந்தச் சேதியை அவரிடம் சொல்லி நம்பவைக்க ஆறு நாள் பிடித்தது. அறுக்கும்போது கத்தினாரா என்றால் இல்லை. முனகவில்லை. ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அவருடைய வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். அந்தக் கால் கிடந்த கிடப்புக்கு ஆள் பிடித்திருக்கவே வேண்டாம், ஒரு பூனைக்குட்டியை மேலே படுக்க வைத்திருந்தால் போதும்.

அந்தக் காலத்தில் பல் பிடுங்கவே மூன்று பேர் வேண்டும். ஒருவர் பிடுங்க, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விரட்ட. யாருக்காவது கால் எடுக்கிறார்கள் என்றால் தெருநாய்கள் காலையிலேயே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும், மறுநாள்தான் திரும்பும். அப்படிப்பட்ட காலத்தில் நடந்தது இது.

நான் கண்ணாடி ஊதுகிறவன். நாற்பத்திரண்டு வருஷம் ஊதி நெஞ்சில் காற்று தீர்ந்துபோய், இப்போது சூடான கஞ்சியை மட்டும்தான் ஊதுகிறேன். என் பட்டறைக்கும் திராவகக்காரர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவருக்கு வேண்டிய குடுவை, சீசா எல்லாம் என் பட்டறையில் ஊதியவை. சாயப் பட்டறைகளுக்குக் கந்தகத் திராவகம் காய்ச்சிக் கொடுப்பது அவர் பிழைப்பு. ஈயத்தைத் தங்கமாக்குவது அவர் ஆசை. பிழைப்பு காலையில் நடக்கும், ஆசை மத்தியானத்துக்கு மேல். பதினெட்டு வருஷத்தில் ஈயம் எல்லா நிறத்துக்கும் மாறிப் பார்த்துவிட்டது. ஒரு தடவை ஊதாகூட ஆனது. மஞ்சள் மட்டும் ஆகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அந்தப் புகையில் வெளியே காயப்போட்ட துணியெல்லாம் சல்லடையாகத்தான் வீட்டுக்குள் திரும்பும். அவர் வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போய் ஆற்றில் மீன் பிடிக்கலாம்.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, அவருடைய அக்கா. அக்கா தெருவுக்கே அக்கா. என்னைவிட நான்கு வயது சின்னவர், எனக்கும் அக்காதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புருஷன் போனதும் ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தார். வந்ததிலிருந்து எதற்கும் அசைந்ததில்லை. கூரை ஒழுகினால் கட்டிலை நகர்த்துவார். திராவகம் தெறித்தால் துடைத்துக்கொள்வார். அழுது யாரும் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை.

அடுப்பு வேலையில் பாதி அக்காவுடையது. காய்ச்சுகிற பாத்திரத்துக்கு வாலை என்று பெயர். அடியில் ஒரு குடுவை, அதன்மேல் மூக்கு நீண்ட தலை. இரண்டும் சேருகிற கழுத்தில் இடைவெளி இருந்தால் ஆவி தப்பித்துவிடும். அதனால் துணியைக் களிமண்ணில் தோய்த்துச் சுற்றி, விரலால் தேய்த்துத் தேய்த்து அடைக்கவேண்டும். அக்கா அடைத்த கழுத்து வழியாக ஓர் எறும்பின் மூச்சுகூட வெளியே வராது.

"அக்கா, இன்னைக்கு ஈயம் என்ன நிறத்துல இருக்கு?" என்று தம்பி மனைவி சமையலறையிலிருந்து கேட்பார்.

"ஈய நிறத்துல."

தினமும் இதே கேள்வி, இதே பதில்.

கந்தகத் திராவகத்தின் கோபத்தைக் கொஞ்சம் தணித்தால் ஈயம் வழிக்கு வரும் என்று திராவகக்காரருக்கு ஒரு நாள் தோன்றியது. நல்ல சாராயத்தை அதில் ஊற்றிக் காய்ச்சினார். தண்ணீர் மாதிரி ஒன்று சொட்டுச் சொட்டாக இறங்கியது. பழக்கடைக்குள் தலையை விட்ட மாதிரி வாசம். உள்ளங்கையில் விட்டால் பனிக்கட்டி. அடுத்த மூச்சுக்குள் காணாமல் போய்விடும். ஈயம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு ஜாடி உடைந்து வாசலில் கொட்டிய அன்றைக்கு, சாயப் பட்டறை வண்டிக் குதிரை தூங்கிவிட்டது. குதிரை நின்றபடி தூங்கும் என்பது எனக்கும் தெரியும். இது உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தூங்கியது.

இனிப்புத் தண்ணி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பதினேழு நாள் விடவில்லை. ஒன்பது என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் வீடு மேட்டில் இருந்தது. ஈரத்தில் களிமண் காயவே இல்லை. அக்கா எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கழுத்தில் விரிசல் விட்டது. அன்று மத்தியானம் தம்பி விறகெடுக்கக் கொல்லைக்குப் போயிருந்தார். வாலையில் இனிப்புத் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. விரிசல் வழியாக ஆவி சீறியது. அக்கா கையில் மண் இல்லை. இடது உள்ளங்கையை அப்படியே அதன்மேல் வைத்து அழுத்தினார். முகத்துக்கு நேராக ஆவி.

தம்பி மனைவிக்கு வாசம்தான் முதலில் வந்தது. அன்று வீட்டில் கறி வாங்கவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிரித்த முகத்தோடு, வாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கையை எடுங்க."

"எடுத்தா ஆவி போயிடும்."

"கை வேகுதுக்கா."

"யார் கை?" என்றார் அக்கா.

இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. கொஞ்சம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம்.

பத்து நாளில் கை கருத்தது. விரல்கள் ஒவ்வொன்றும் கத்தரிக்காய் பருமன். அக்கா அந்தக் கையைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றக் கையால் பாத்திரம் கழுவினார், அடுப்புக்குச் சாம்பல் வாரினார். சொல்லி யாராலும் கேட்கவைக்க முடியவில்லை. கடைசியில் ரணவைத்தியரை அழைத்துவந்தார்கள்.

ரணவைத்தியர் பெரிய உருவம். குரல் மட்டும் சின்னது. அறுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கால் என்றால் எண்பது எண்ணுவதற்குள் முடிப்பார். வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் அறுப்பார். இன்னும் எவ்வளவு என்று படுத்திருப்பவருக்குத் தெரியட்டுமே என்று அந்தப் பழக்கம். துணியைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார், மறுபடி சுற்றினார்.

"ரெண்டு நாளைக்குள்ள எடுக்கணும்மா. முழங்கையைத் தாண்டிட்டா எனக்கு வேலை இல்ல. குழி வெட்டறவர் வந்துக்குவாரு."

"அவரையே வரச்சொல்லுங்க" என்றார் அக்கா. "அவரு எண்ண மாட்டாரு. நிதானமா வெட்டுவாரு."

"அக்கா, விளையாடாதீங்க" என்றார் தம்பி.

"யார் விளையாடறா? ஐயா, எங்க வீட்டுக்காரர் காலை நீங்கதானே எடுத்தீங்க. எத்தனை எண்ணுனீங்க, ஞாபகம் இருக்கா?"

வைத்தியர் தரையைப் பார்த்தார். "எழுபத்தாறு."

"எண்பதுலதான் அவரு கத்தறதை நிறுத்துனாரு. மிச்ச நாலு நான் எண்ணுனேன். ரத்தம் போய்ச் சாகலை, கத்தியே செத்தாரு. எனக்கு இது இப்படியே இருக்கட்டும்."

கூரையிலிருந்து ஒழுகுவது எங்கே என்று பார்த்து ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். அழவில்லை, கோபப்படவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார். கதவை அறைந்து சாத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் திராவகக்காரர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றார் அவர், கத்தியை நிறுத்தாமல். "அன்னைக்கு அவங்க கை வெந்ததே அவங்களுக்குத் தெரியலையே. வெட்டினா மட்டும் தெரியுமா என்ன?"

திராவகக்காரர் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக ஈயத்தைப் பார்த்த மாதிரி மனைவியைப் பார்த்தார்.

"என்ன பார்க்கறீங்க? வெங்காயம் நறுக்கறேன், அதான் கண்ணுல தண்ணி."

மறுநாள் திராவகக்காரர் தன்மேலேயே சோதித்தார். இனிப்புத் தண்ணியில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தார். ஊசியால் குத்திப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. பதினெட்டு வருஷம் என் பட்டறைக்குள் புகை விட்ட மனிதர் அவர் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். பதினைந்து இடத்தில் குத்தினேன். விழித்ததும், "குத்தவே இல்லையே?" என்றார். சட்டையைத் தூக்கிக் காட்டினோம். ஏழு போதுமே என்றார்.

அக்காவிடம் சொல்லத்தான் எல்லோருக்கும் பயம். கடைசியில் தம்பியே சொன்னார்.

"வலிக்காதுக்கா. சத்தியமா வலிக்காது."

"ஈயம் தங்கமாகும்னு சொன்ன வாய்தானே இது?"

"தங்கத்தை விடுங்க. தூங்குவீங்க, எழுந்திரிப்பீங்க. அவ்வளவுதான்."

அக்கா வெகுநேரம் தன் துணிச்சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கத்துனா நிறுத்திடணும்" என்றார். "ஒரு சத்தம். அதோட நிறுத்திடணும். பாதி அறுத்திருந்தாலும் சரி. அந்தப் பெரிய மனுஷன்கிட்ட வாக்கு வாங்கிட்டு வா."

"பாதியில எப்படிம்மா நிறுத்தறது?" என்று வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் வாக்குக் கொடுத்தார். எழுபத்தாறு அவருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது.

நடுப்பகலில் வைத்துக்கொண்டோம். மழை மட்டும் வெளியே பெய்துகொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டு அடுப்பு அணைந்திருந்தது. சுவரெல்லாம் சில்லென்று இருந்தது. வைத்தியர் இரும்பைப் பழுக்கவைக்க நெருப்புக் கேட்டார்.

"நெருப்பு கூடாது" என்றார் திராவகக்காரர்.

"அறுத்த இடத்துல சூடு வைக்காம ரத்தத்தை எப்படி நிறுத்தறது? ஊதியா? அதுக்குத்தான் இவரைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று என்னைக் காட்டினார்.

"இந்த ஆவியில ஒரு பொறி பட்டா அறையோட பறந்துடுவோம். என் புருவம் எங்கேன்னு பாருங்க."

வைத்தியர் பார்த்தார். புருவம் இல்லை.

"நூல்லதான் கட்டணும். ஒவ்வொரு குழாயா தேடிப் பிடிச்சுக் கட்டணும். எண்பதுல முடியாது, இருநூறு ஆகும். எந்த மனுஷன் இருநூறு தாங்குவான்?"

"அவங்க தூங்குவாங்க. நீங்க ஆயிரம் வரைக்கும் எண்ணுங்க."

நான் ஒரு கண்ணாடிக் குவளை ஊதியிருந்தேன். வாயும் மூக்கும் உள்ளே அடங்கும், அடியில் நனைத்த துணி, பக்கத்தில் காற்றுக்கு ஒரு துளை. பதினோரு தடவை உடைந்து பன்னிரண்டாவது நின்றது. என் ஆயுளில் ஊதியதில் அதைவிட அவலட்சணமானது கிடையாது, பூசணிக்காய்க்கு வாய் வைத்த மாதிரி. நான் வலது கால். மற்ற கால், இரண்டு தோள்களுக்குச் சாயப் பட்டறையிலிருந்து மூன்று தடியர்கள், ஒருவர் நீலம், ஒருவர் சிவப்பு, ஒருவர் முழங்கை வரைக்கும் பச்சை.

அக்கா சமையல் மேஜைமேல் தானாக ஏறிப் படுத்தார். பாவாடையைக் கணுக்கால் வரை சரிசெய்துகொண்டார்.

"ஊதுகாரரே, காலைக் கழுவிட்டுத்தான் வந்தேன். முகம் சுளிக்காதீங்க."

தம்பி குவளையை முகத்தில் வைத்தார். அக்கா இருமினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு மூச்சு சீரானது.

"டேய்," என்றார் உள்ளேயிருந்து. "மழை நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுக்கா."

கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது.

வைத்தியர் ஒன்று என்றார். அந்த அறையில் அந்த ஒன்று தனியாக நின்றது. மற்ற வீடுகளில் அவருடைய எண்ணிக்கை கத்தலுக்கு அடியில் எங்கேயோ கேட்கும்; இங்கே அது மட்டும்தான் கேட்டது. இரண்டு. மூன்று. கத்தி சதையில் போகும்போது சத்தம் வருவதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முப்பத்தொன்றில் அவர் கை நின்றுவிட்டது.

"போயிட்டாங்க" என்றார்.

கத்தாதவர் என்றால் அவர் கணக்கில் செத்தவர். அவருக்கு வேறு விதம் தெரியாது. என் மடியில் எப்போதும் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். குவளையைக் கொஞ்சம் தூக்கி, அதை அக்காவின் மூக்கடியில் நீட்டினேன். பனி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

"மூச்சு இருக்கு. எண்ணுங்க."

"எதுல விட்டேன்?" என்றார் வைத்தியர். அவர் எண்ணிக்கையைத் தவறவிட்டது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"முப்பத்தொண்ணு" என்றார் பச்சைக் கைக்காரர்.

பிறகு ரம்பம். வெளியே மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முக்கால் தெரு நின்றிருந்தது, கத்தலைக் கேட்க. ஜன்னல் வழியாக ஒரு குரல், "என்ன, வைத்தியர் வரலையா? விறகு அறுத்துட்டு இருக்காங்க" என்றது. நூற்றுத் தொண்ணூற்றுநான்கில் கடைசி நூலை முடிந்தார்.

உனக்கு என்ன தோன்றியது என்று கேட்பார்கள். ஒன்றும் தோன்றவில்லை. கத்தலுக்காக உடம்பை இறுக்கி வைத்திருந்தோம். அது வரவில்லை. வராததால் எப்போது தளர்த்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. தடியர்கள் மூவரும் பிடித்தது பிடித்தபடி நின்றார்கள். மனைவி வந்து ஒவ்வொருவர் விரலாகப் பிரித்துவிட்டார். மறுநாள் வரைக்கும் என் தோள்கள் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

அக்கா விழித்தார். கட்டுப் போட்ட கை போர்வைக்குள் இருந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சுதுக்கா" என்றார் தம்பி.

"முடிஞ்சுதா? நான் கத்துனேனே."

"கத்தலைக்கா. ஒரு சத்தம் இல்ல."

"எனக்கே கேட்டுச்சு. பெரிய சத்தம். உடனே நிறுத்திட்டீங்க." வைத்தியர் பக்கம் திரும்பினார். "சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீங்க ஐயா. நல்ல மனுஷன் நீங்க."

வைத்தியர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. தெருவில் முதல் நாள் நம்பாதவர்கள் நிறையப் பேர். கொல்லையில் புதிதாகப் போட்ட மண்ணைப் பார்த்தபின் ஒவ்வொருவராக நம்பிவிட்டார்கள். கடைசியில் நம்பாதவர் அக்கா ஒருவர்தான்.

"நடுவிரல் அரிக்குது" என்பார். "அறுத்த கையா அரிக்கும்? சொல்லு பார்ப்போம்."

"அக்கா, துணிக்கு மேலயே பாருங்களேன். நீளம் எங்க இருக்கு?" என்பார் தம்பி மனைவி.

"மடக்கிக் கட்டியிருக்காங்க. என் கை, எனக்குத் தெரியாதா?"

வைத்தியருக்குத்தான் மானப் பிரச்சினை. முப்பது வருஷமாக, நீ அறுத்தாய் என்று எல்லோரிடமும் திட்டு வாங்கியவர். நான் அறுத்தேன் என்று ஒருவரிடம் கெஞ்சுவது இதுதான் முதல் தடவை. தினமும் வந்தார். "நான்தாம்மா அறுத்தேன். இதோ இந்தக் கையாலதான்." அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி சொல்லச் சொன்னானா ஐயா? அவன் காய்ச்சின தண்ணிக்குப் பேர் வாங்கணும், அதுக்காக உங்களைப் பொய் சொல்லவைக்கிறான்."

சிரிப்பதற்கு நேரமில்லை. ஆறாம் நாள் கட்டைப் பிரித்தாகவேண்டும். உள்ளே சீழ் கட்டியிருந்தால் வெளியேற்றவேண்டும். விட்டால் கருப்பு மறுபடி ஏறும், இந்த முறை ஏறிப்போக இடம் தோள்தான். அதற்கு மேல் அறுக்க ஒன்றும் இல்லை. அக்கா பிரிக்க விடமாட்டேன் என்றார். பிரித்தால் காற்றுப்படும், விரல் ஆறாது என்றார். கிட்டே போனால் வலது கையில் கிடைத்ததைத் தூக்கினார். ஐந்தாம் நாள் நெற்றியில் சூடு தெரிந்தது.

"தோண்டி எடுத்துட்டு வந்து காட்டட்டுமா?" என்றார் தம்பி. குரலில் உயிரே இல்லை. "பார்த்தா நம்புவீங்களா?"

"எவளோ கையைக் கொண்டுவந்து என் முன்னால போடாதே."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அடுப்பு அன்றும் அணைந்தே கிடந்தது. ஈயக் கட்டி மேஜைமேல் ஈய நிறத்தில் இருந்தது. என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. வலுக்கட்டாயமாகப் பிடித்துப் பிரித்துவிடலாமா என்று வைத்தியரைக் கேட்டேன். "திமிறினா நூல் அறுந்துடும். அறுந்தா அஞ்சு நிமிஷம்" என்றார்.

ஆறாம் நாள் மத்தியானம். வைத்தியர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். ஆறு நாளில் அக்கா முதல் தடவையாக எழுந்துவந்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரொட்டியைக் கொழுப்புக் குழம்பில் தோய்த்து வலது கையால் சாப்பிட்டார். அதுவரைக்கும் தம்பி மனைவிதான் ஊட்டிவிட்டு, வாயையும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கொல்லைப்பக்கம் தொட்டிக்குப் போனார். விழுந்துவிடப்போகிறாரே என்று நானும் தம்பி மனைவியும் பின்னால் போனோம்.

விரலெல்லாம் கொழுப்பு. வலது கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டார். விட்டபடி நின்றார். தண்ணீரில் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது.

"என்னக்கா, தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"தேய்க்க அது வரும்னு நிக்கிறேன்."

தம்பி மனைவி என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். போர்வைக்குள் இடது தோள் ஒரு தடவை அசைந்தது. தண்ணீருக்கு மேலே காற்றில் துணிச்சுருள் ஒன்று முன்னால் வந்து, தொட்டியின் விளிம்பை எட்டாமல் நின்றது. அதை அவர் குனிந்து பார்த்தார். நீளத்தை அளப்பது மாதிரி பார்த்தார்.

வலது கையை வெளியே எடுத்தார். கொழுப்பு அப்படியே இருந்தது.

"அம்மாடி," என்றார் தம்பி மனைவியிடம். "வைத்தியர் உள்ளதானே இருக்காரு?"

"ஆமாக்கா."

"வந்து கட்டைப் பிரிக்கச் சொல்லு. அறுத்துத்தான் இருக்காரு."